தொண்டு நிறுவன ஊழியர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

சமூகப்பணிக்கு வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சம் இருப்பதில்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்பில் மனிதவளப் பிரிவை எடுத்த வகுப்புத் தோழர்கள் கம்பெனி வேலைக்குப் போக, இவர்கள் சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் தொண்டு நிறுவனத்துக்கு வருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கெழுதிப் பழகி, அங்கிருந்து களப்பணியாளரான பெண்கள் இன்னொரு பக்கம். சேர்ந்த முதல் மாதத்தில் இவர்கள் பேசுவதைக் கேட்டால் நமக்கே உற்சாகம் வரும். இரண்டு வருடம் கழித்து அதே ஆளைப் பாருங்கள். ஒன்று, வேலையை விட்டுப் போயிருப்பார். இல்லாவிட்டால் ரிவ்யூ மீட்டிங்கில் கேட்ட எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, அவர் கொண்டுவந்த ஊக்கம் நம் அலுவலகத்தில் எங்கெங்கே வீணாகிறது என்பதுதான். சம்பளம் ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரும் பேசாத இன்னொரு காரணம் உண்டு: ஒரு மனிதரின் துயரம் கண்முன்னால் நிற்கும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாத தவிப்பு. வேலை தெரிந்தவருக்கும் களைப்பு வரும், ஆனால் ஓய்வெடுத்தால் தீரும். வேலை தெரியாமல் விடப்பட்டவரின் களைப்பு அப்படித் தீராது. இந்த வழிகாட்டியில் அறிவுக்கு மற்றதைவிட அதிக இடம் கொடுத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

பத்திலிருந்து ஐம்பது பேர் வரை வேலை பார்க்கும் குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, பெண்கள் ஆலோசனை மையம், போதை மீட்பு மையம் ஆகியவற்றின் செயலாளர்களையும் திட்ட ஒருங்கிணைப்பாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சூழலில் சொல்கிறேன்.

படி 1: முதலில் கேளுங்கள்

பணித்திருப்தியை அளக்கப் பல வினாத்தாள்கள் இருக்கின்றன. நமக்கு மிகவும் பொருந்துவது பால் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் வெளியிட்டது. தொழிற்சாலைக்காரர்களுக்கு எழுதியதை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. சமூக சேவை நிறுவன ஊழியர்களை மனதில் வைத்தே அவர் இதை உருவாக்கினார். மொத்தம் 36 வாக்கியங்கள், 9 தலைப்புகள், தலைப்புக்கு நான்கு. சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சலுகைகள், பாராட்டு, அலுவலக நடைமுறைகள், உடன் வேலை செய்பவர்கள், வேலையின் தன்மை, தகவல் பரிமாற்றம் என்பவை அந்தத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். சில வாக்கியங்கள் எதிர்மறையாக எழுதப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். இதை மறந்தால் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.

தமிழில் மொழிபெயர்த்ததும் இரண்டு களப்பணியாளர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இடறும் வாக்கியத்தை மாற்றுங்கள். பதினைந்து பேர் இருக்கிற இடத்தில் வயது, பாலினம், பிரிவு மூன்றையும் கேட்டால் யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும், அதனால் எதையும் கேட்க வேண்டாம். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும் என்பதால் டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணித் துறையைக் கேட்டால், தாள்களை வாங்கிக் கூட்டித் தர மாணவர்களை அனுப்புவார்கள்.

எண்கள் எங்கே பிரச்சினை என்று காட்டும், ஏன் என்று காட்டாது. அதற்கு நேரில் பேச வேண்டும். "வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இந்த வேலையே வேண்டாம் என்று கடைசியாக எந்த நாளில் தோன்றியது? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் வேலையை விட்டவர்களுக்கும் போன் செய்யுங்கள். இனி இழக்க ஒன்றும் இல்லாததால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டால், கேட்காமலே இருந்ததைவிட மோசமாகிவிடும். ஒரு மாதத்துக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, "இதெல்லாம் தெரியவந்தது, இதை உடனே செய்யப்போகிறோம், இதற்கு இப்போது பணம் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படி 2: கையில் வர வேண்டியதை ஒழுங்காகக் கொடுங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சம்பளம், விதிமுறைகள், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை சரியில்லை என்றால் வெறுப்பு வரும். சரியாக இருந்தால் வெறுப்பு போகும், ஆனால் அதனால் மட்டும் மகிழ்ச்சி வந்துவிடாது. மகிழ்ச்சி சாதித்ததில், மதிக்கப்படுவதில், பொறுப்பில், வளர்ச்சியில் இருந்து வருகிறது. இதைச் சிலர் வசதியாகத் திருப்பிப் போட்டு, "சம்பளமெல்லாம் முக்கியம் இல்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது" என்கிறார்கள். அது தவறு. அடிப்படை சரியாக இல்லாத இடத்தில் மற்ற எதுவும் வேலை செய்யாது.

சம்பளத் தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். நன்கொடையாளரின் இரண்டாம் தவணை தாமதமானால் சம்பளமும் தாமதமாவது நம் துறையில் சகஜமாகிவிட்டது. இரண்டு மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் மெல்ல மெல்லச் சேர்த்து வைப்பதை நிர்வாகக் குழுவின் முதல் கடமையாக நான் நினைக்கிறேன். அடுத்தது பயணப்படி. களப்பணியாளர் தன் கைக்காசில் பெட்ரோல் போட்டு ஊர் ஊராகப் போய்வருகிறார். அந்த பில் மூன்று மாதம் கிடப்பில் இருந்தால், ஏழை ஊழியர் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்று அர்த்தம். வாரம் ஒரு நாளை பில் தீர்க்கும் நாளாக வையுங்கள்.

எல்லோருக்கும் பணி நியமன ஆணை எழுத்தில் இருக்கட்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி), மகப்பேறுச் சலுகை என்று சட்டம் தெளிவாக இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பொருந்துமா என்பதை வட்டார அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுபவர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகிறது. புராஜெக்ட் முடியும்வரை என்று ஆள் எடுக்கும் நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். பட்ஜெட் எழுதும்போதே இதற்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனங்களில் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. உடனே பலர் ஊழியர் சம்பளத்தில் கை வைத்தார்கள். ஆனால் நலப்பணியை நேரடியாகச் செய்பவர்களின் சம்பளம், உதாரணமாகப் பள்ளி ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனை டாக்டர் சம்பளமும், நிர்வாகச் செலவில் சேராது என்று விதி சொல்கிறது. உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து, யார் யார் எந்தத் தலைப்பில் வருகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். அந்தக் குழுக்களின் வெளி உறுப்பினராகக் கம்பெனிகளுக்குப் போவது நம் துறைக்காரர்கள்தான். நம் சொந்த அலுவலகத்திலும் அது முறையாகக் கூட வேண்டும்.

படி 3: அறிவைக் கொடுங்கள்

ஓர் இளம்பெண் களப்பணியாளராகச் சேர்ந்து மூன்றாவது வாரம். மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி, எல்லோரும் போன பிறகு நின்று, "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று ஆரம்பித்து, சொந்தக்காரர் ஒருவர் செய்வதைச் சொல்கிறாள். என்ன செய்வது என்று தெரியாத பணியாளர், "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். இரவெல்லாம் தூக்கம் வராது. மறுநாள் யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. சொன்னால் அந்தக் குடும்பம் என்ன ஆகும், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்?

தெரிந்த பணியாளருக்கும் அதே வலி இருக்கும். ஆனால் அவருக்கு வழி தெரியும். ரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன்னைக் காப்பாற்றக்கூடிய சிலரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும்" என்று அந்தப் பிள்ளையிடமே சொல்ல வேண்டும். குடைந்து குடைந்து கேட்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையை நாம் மீட்டு அழைத்துவந்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அலுவலகத்தில் எந்நேரமும் அழைக்கக்கூடிய ஒருவரின் எண் கையில் இருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். அந்த ஒரு பக்கம் கையில் இல்லாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

வேலை எதுவோ, அதற்குரிய சட்டமும் திட்டமும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்பவருக்கு, 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016 சட்டத்தில் 21 ஆனது தெரிய வேண்டும். பழைய பட்டியலோடு வீடு வீடாகப் போனால், உதவி கிடைக்க வேண்டிய குடும்பத்தையே "நீங்கள் இதில் வரமாட்டீர்கள்" என்று திருப்பிவிட்டு வருவார். முதியோர் பணியில் இருப்பவருக்கு 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டமும், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கும் முறையும், 14567 என்ற உதவி எண்ணும் பழக்கமாக வேண்டும். பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416.

இது புத்தக அறிவு. இதற்கு இணையான மதிப்புள்ளது ஊர் அறிவு. எந்த வி.ஏ.ஓ. எந்தக் கிழமை இருப்பார், அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழ் முகாம் எப்போது, ஆதாரில் பெயர் திருத்த எந்த மையத்தில் கூட்டம் குறைவு, எந்தத் தலைமை ஆசிரியர் டி.சி. இல்லாமலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார் என்பதெல்லாம் பத்து வருடம் வேலை செய்த அக்காவின் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அது அவரோடு போய்விடும். ஒரு தடித்த நோட்டை வாங்கி, மாதம் ஒரு மதியம் அவரைச் சொல்லச் சொல்லி இளையவர்கள் எழுதட்டும். அந்த நோட்டு புதிதாக வருகிறவருக்குக் கைவிளக்கு. எழுதவைக்கும்போது அந்த அக்காவுக்குக் கிடைக்கும் மரியாதையும் சின்ன விஷயம் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் இரண்டு வாரம் தனியாக விடாதீர்கள். மூத்தவரோடு வெறுமனே கூடப் போகட்டும். அடுத்த இரண்டு வாரம் அவர் பேச, மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். இலக்கு எண்ணிக்கையை முதல் மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

பிறகு கேஸ் கலந்தாய்வு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கேஸ். பெயரையும் ஊரையும் மறைத்து, அதைக் கையாளும் களப்பணியாளரே சொல்ல வேண்டும். எங்கே முட்டி நிற்கிறது என்பதை அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். "நீ ஏன் அப்பவே செய்யல?" என்ற கேள்விக்கு அனுமதி இல்லை. ஒருங்கிணைப்பாளர் கடைசியில்தான் பேச வேண்டும், ஏனென்றால் அவர் முதலில் பேசினால் அதோடு கூட்டம் முடிந்துவிடும். நான் பார்த்தவரை, செலவே இல்லாமல் வேலையையும் மனதையும் ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்துவது இந்த ஒன்றரை மணி நேரம்தான்.

வெளிப் பயிற்சிக்கு எப்போதும் ஒரே ஆளைச் சென்னைக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். போய்வந்தவர் ஒரு வாரத்துக்குள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இன்னொன்று: நன்கொடையாளருக்கு எழுதிய திட்ட முன்மொழிவைக் களப்பணியாளர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தாங்கள் துரத்தும் இலக்கு எதற்காக வைக்கப்பட்டது என்று தெரியாமலே பலர் மூன்று வருடம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 4: மேற்பார்வையை அதன் பழைய அர்த்தத்துக்குத் திருப்புங்கள்

சமூகப்பணி படித்தவர்களுக்கு ஐ.சி. (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ், தனிச் சந்திப்பு) என்றால் தெரியும். களப்பயிற்சியின்போது மாணவரும் ஆசிரியரும் வாராவாரம் தனியாக உட்கார்ந்து, எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு, "அந்த இடத்தில் உனக்கு ஏன் கோபம் வந்தது?" என்பது வரை பேசுவார்கள். படிப்பு முடிந்து நிஜமான வேலைக்கு வந்ததும் அது காணாமல் போகிறது. உண்மையிலேயே அது தேவைப்படும் காலத்தில் அதன் இடத்தில் எண்ணிக்கை ரிவ்யூ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். போனைத் தள்ளி வையுங்கள். வேலை எப்படிப் போகிறது, என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மூன்றையும் பேசுங்கள். மூன்றாவதற்கு நேரம் இல்லாமல் போவதுதான் வழக்கம், அதனால் சில நாள் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு மேற்பார்வையாளர் ஆறேழு பேருக்கு மேல் இப்படி உட்கார முடியாது. செயலாளர் அந்த மேற்பார்வையாளரோடு உட்கார வேண்டும். அவருக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரையும் திட்டாதீர்கள். ரிப்போர்ட் தராதவர் பெயரைச் சிவப்பில் போட்டு அனுப்புவதும் திட்டுவதுதான்.

படி 5: சுமையைக் குறையுங்கள்

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து வெளியிட்ட அளவுகோல் பணிச்சோர்வை மூன்றாகப் பிரிக்கிறது: மனம் வற்றிப்போவது, உதவி தேடி வருபவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவது, தான் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார அமைப்பும் 2019-இல் பணிச்சோர்வை வேலை சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. அதாவது இதற்கு மருந்து ஊழியரின் உடம்பில் இல்லை, வேலை அமைப்பில் இருக்கிறது.

நம் அலுவலகங்களில் இது எப்படித் தெரியும்? அன்பாகப் பேசிய ஒருவர் "இவங்களெல்லாம் திருந்த மாட்டாங்க" என்று சொல்ல ஆரம்பிப்பார். அவர் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அவர் கையில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்து வேலையையும் பாருங்கள். ஒரே வீட்டுச் சந்திப்பு அலுவலகப் பதிவேட்டில் ஒருமுறை, நன்கொடையாளரின் எக்ஸெல் தாளில் ஒருமுறை, அரசு போர்ட்டலில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் ஏறுகிறது. எல்லாப் படிவங்களையும் ஒரு மேசையில் பரப்பி, ஊழியர்களையே கேட்டு, இரண்டு முறை எழுதப்படுவதை ஒன்றாக்குங்கள். நன்கொடையாளரிடம் பேசினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இல்லங்களில் தங்கி வேலை செய்யும் இல்லத்தாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் எழுவது அவர்தான், காலை ஐந்து மணிக்குச் சமையலறை விளக்கைப் போடுவதும் அவர்தான். வார விடுமுறை பேப்பரில் இருக்கும், மாற்று ஆள் இருக்க மாட்டார். பகுதிநேர மாற்று ஆளுக்குப் பட்ஜெட் போடாமல், மனநலப் பயிலரங்கம் நடத்தி எந்தப் பயனும் இல்லை. சமையல் அம்மா, டிரைவர், வாட்ச்மேன் ஆகியோரையும் படி 1-இலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

இல்லத்தில் ஒரு மரணமோ தற்கொலை முயற்சியோ நடந்தால், அதில் நேரடியாக இருந்தவருக்கு விடுப்பு கொடுங்கள், பேச ஆள் ஏற்பாடு செய்யுங்கள். 14416 ஊழியர்களுக்கும் பயன்படும் எண். விசாரணை அறிக்கையை அன்றே எழுதச் சொல்ல வேண்டியிருந்தால், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவட்டும்.

படி 6: முடிவைக் கண்ணில் காட்டுங்கள், முடிவெடுக்கவும் விடுங்கள்

வேலை அமைப்பை ஆராய்ந்த ஹேக்மேனும் ஓல்ட்ஹாமும் 1970-களில் சொன்னது: ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்ப்பதும், அதன் விளைவு தெரிவதும், சொந்தமாக முடிவெடுக்க இடம் இருப்பதும் மனிதரை வேலையோடு பிணைக்கின்றன. நம் களப்பணியாளர் ஒரு சிறுவனைச் செங்கல் சூளையிலிருந்து மீட்டுக் குழந்தைகள் நலக் குழுவில் ஒப்படைத்துவிட்டு வருகிறார். அதன் பிறகு அவன் என்ன ஆனான் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து, ரகசியம் காக்க வேண்டியதைக் காத்து, "அவன் எட்டாவதில் சேர்ந்திருக்கிறான்" என்ற ஒரு வரியையாவது அவருக்குத் தெரிவியுங்கள். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது.

பாராட்டு குறிப்பாக இருக்கட்டும். "எல்லோரும் நன்றாக வேலை செய்தீர்கள்" என்பது யாருக்கும் ஒட்டாது. "அந்தத் தாத்தாவின் மகனிடம் மூன்று முறை போய்ப் பேசினீர்கள், அதனால்தான் மனு இல்லாமலே தீர்ந்தது" என்றால் அவர் செய்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில் களப்பணியாளர்களும் ஏறட்டும். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் 'சிறந்த ஊழியர்' விருது வேண்டாம். ஒருவர் மகிழ, பதினான்கு பேர் மனம் கோணும்.

முடிவெடுக்கும் உரிமைக்கு நல்ல சோதனை பணம். இரவில் ஒரு பெண் அடிபட்டு வாசலில் நிற்கிறார், ஆட்டோ பிடித்து ஜி.எச். போக வேண்டும். அந்தச் செலவுக்கு யாரையும் எழுப்பி அனுமதி கேட்க வேண்டியிராதபடி, ஒவ்வொரு களப்பணியாளர் கையிலும் ஆயிரம் ரூபாய் அவசரத் தொகை இருக்கட்டும். மறுநாள் வவுச்சர் போதும்.

படி 7: அடுத்த படிக்கட்டையும் கடைசி நாளையும் யோசியுங்கள்

நம் நிறுவனங்களில் சம்பளம் உயர வேண்டுமானால் ஒருங்கிணைப்பாளர் ஆக வேண்டும். அப்படி ஒரு நல்ல களப்பணியாளரை லேப்டாப் முன் உட்காரவைத்து இரண்டு வகையிலும் இழக்கிறோம். களத்திலேயே இருந்தபடி உயர்வு பெற 'மூத்த களப்பணியாளர்' என்று ஒரு நிலையை உருவாக்குங்கள், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அதோடு சேருங்கள். பட்டம் முடித்துக் களத்துக்கு வந்தவர்கள் இக்னோவில் தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். தேர்வுக்கு விடுப்பும், முடிந்தால் கட்டணத்தில் பாதியும் கொடுங்கள்.

புராஜெக்ட் முடிவதை ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். சொன்னால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் மார்ச் 20-ஆம் தேதி சொல்லி 31-ஆம் தேதி அனுப்பிவைத்த செய்தி மாவட்டம் முழுவதும் பரவும், அடுத்த புராஜெக்ட்டுக்கு நல்ல ஆள் வரமாட்டார். அனுபவச் சான்றிதழில் தேதிகளை மட்டும் எழுதாமல் அவர் கற்ற திறன்களை எழுதிக் கொடுங்கள்.

படி 8: ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்

அதே வினாத்தாள், அதே முறை. பணமே இல்லாத நிறுவனம் என்றால் கேஸ் கலந்தாய்வு, தனிச் சந்திப்பு, பில் தீர்க்கும் நாள் ஆகிய மூன்றிலும் முதல் வருடத்தை முடித்தாலே போதும். மற்றவற்றை அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கலாம்.

இரண்டாம் முறை மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்ப்பீர்கள். சில தலைப்புகளில், முக்கியமாக மேற்பார்வையிலும் தகவல் பரிமாற்றத்திலும், குறையவும் வாய்ப்பு உண்டு. முதல் முறை பயந்து 5 போட்டவர், இப்போது யாரும் பழிவாங்கவில்லை என்று பார்த்துவிட்டு உண்மையான 3-ஐப் போடுவார். அதைப் பார்த்து நிர்வாகக் குழு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தாதீர்கள். அந்தத் தாள்களை மேசையில் வைத்து, எந்தக் கேள்வியில் எவ்வளவு குறைந்தது என்று ஊழியர்களோடு சேர்ந்தே பாருங்கள். இரண்டாம் வருடத்தின் வேலைப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.